நூலகப் பட்டியலை மொத்தமாக வெளியே எடுப்பது எப்படி?

நூலக மென்பொருளில் ஒரு புத்தகத்தின் பதிவை உள்ளே சேர்ப்பதற்கு எல்லோரும் சொல்லித் தருவார்கள். பல வருடம் சேர்த்ததை ஒரே மூச்சில் வெளியே எடுக்கச் சொல்லும் நாளில்தான் பக்கத்தில் ஆள் இருக்காது. மென்பொருளை மாற்றுகிறார்கள், பல நூலகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுப் பட்டியலுக்குப் பதிவுகள் அனுப்ப வேண்டும், இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது, அல்லது மேலதிகாரி சாயங்காலம் நாலு மணிக்கு வந்து “நம்மிடம் இருக்கும் எல்லாப் புத்தகமும் ஒரு எக்ஸெல் கோப்பில் வேண்டும்” என்கிறார். காரணம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: பட்டியல் பதிவுகளை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்வது. தமிழ் இடைமுகங்களில் இதை ‘ஏற்றுமதி’ என்று போட்டிருப்பார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குத் துறைமுகம்தான் நினைவுக்கு வரும்.

பொத்தானை அமுக்கினால் ஒரு கோப்பு வந்துவிடும், அதில் சிரமம் ஒன்றும் இல்லை. வந்த கோப்பில் எல்லாம் வந்திருக்கிறதா, வந்தது பழுதில்லாமல் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

உதாரணத்துக்குக் கோஹாவை எடுத்துக்கொள்கிறேன். நியூசிலாந்தில் 1999-ல் எழுதத் தொடங்கி, 2000 ஜனவரியில் அங்கே ஒரு பொது நூலகத்தில் ஓட ஆரம்பித்த திறந்த மூல மென்பொருள் அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. உங்களிடம் வேறு மென்பொருள் இருந்தாலும் பரவாயில்லை, பொத்தான்களின் பெயரும் இடமும் மாறும், சிக்கல்கள் மாறாது.

யாருக்காக எடுக்கிறீர்கள்?

கணினியைத் தொடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், ஏனென்றால் வடிவத்தை முடிவு செய்வதே அதுதான்.

இன்னொரு நூலக மென்பொருள் படிக்கப் போகிறது என்றால் மார்க் (MARC), அதாவது நூலக மென்பொருள்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறும் வடிவம். மனிதர் படிக்கப் போகிறார், வரிசைப்படுத்துவார், அச்சடிப்பார் என்றால் சி.எஸ்.வி. (CSV), அதாவது எக்ஸெல் திறக்கக்கூடிய வெறும் உரை அட்டவணை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று கிடையாது. மார்க் பதிவில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, பொருள் தலைப்பு எல்லாம் தனித்தனிப் புலங்களில், அவற்றுக்குள் துணைப்புலங்களாக அடுக்கப்பட்டிருக்கும். அதைச் சி.எஸ்.வி. ஆக்கும்போது அந்த அடுக்கைத் தட்டையாக்குகிறோம். தட்டையானதை மறுபடி மார்க் ஆக்கலாம், ஆனால் போனது போனதுதான். அதனால் ‘இப்போதைக்குச் சி.எஸ்.வி.யாக எடுத்து வைப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் மார்க்கிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

காப்புப் பிரதிக்காக எடுக்கிறேன் என்றால், இது அதற்கான வழியே இல்லை. பட்டியல் எக்ஸ்போர்ட்டில் உறுப்பினர்கள் வர மாட்டார்கள், இரவல் வரலாறு வராது, அபராதக் கணக்கு வராது. அதற்குத் தரவுத்தளத்தையே முழுதாகப் படியெடுக்க வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்.

பதிவு வேறு, பிரதி வேறு

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. ஒரு நாவலின் 5 பிரதிகள் அலமாரியில் இருந்தால் பட்டியலில் பதிவு 1, பிரதி 5. கோஹா மார்க் 21 அமைப்பில் ஒவ்வொரு பிரதியையும் 952 என்ற புலத்தில் போட்டுத் தரும். 5 பிரதி என்றால் ஒரே பதிவுக்குள் ஐந்து 952 இருக்கும். அந்தப் புலத்துக்குள் பார்கோடு பி (p) துணைப்புலத்தில், அழைப்பெண் (அலமாரியில் புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் எண்) ஓ-வில், பொதுவுக்குக் காட்டாத குறிப்பு எக்ஸில். இங்கே நான் ஏ, பி, ஓ என்று எழுதுவதெல்லாம் கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள், அடிக்கும்போது அப்படியே அடியுங்கள்.

இதனால் என்ன ஆகும்? உங்கள் நூலகத்தில் 15,000 புத்தகம் என்று பேச்சு இருக்கும், கோப்பில் 11,000 பதிவுதான் வரும், ‘மீதி 4,000 எங்கே?’ என்று பதறுவீர்கள். எங்கும் போகவில்லை, 952-களுக்குள் இருக்கின்றன.

சரி, ஒரு பிரதிக்கு ஒரு வரி என்று பட்டியல் வேண்டுமா? அப்படியானால் எக்ஸ்போர்ட் பக்கத்துக்கே போகாதீர்கள். அது பதிவுக்கு ஒரு வரி தருவது, ஐந்து பார்கோடும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கும். பிரதி வாரியான பட்டியலுக்கு ‘ரிப்போர்ட்ஸ்’ பகுதியில் ஓர் எஸ்.க்யூ.எல். ரிப்போர்ட்தான் (தரவுத்தளத்தையே நேரடியாகக் கேட்டு எடுக்கும் பட்டியல்) சரி. இருப்புச் சரிபார்ப்புக்கு நான் எப்போதும் அதைத்தான் பயன்படுத்துவேன்.

எடுக்கும் முறை

முதல் வேலை எண்ணுவது. தரவுத்தளத்தில் பதிவுகள் இருக்கும் பிப்லியோ அட்டவணையில் எத்தனை வரி, பிரதிகள் இருக்கும் ஐட்டம்ஸ் அட்டவணையில் எத்தனை வரி என்று ஒரு சின்ன ரிப்போர்ட் ஓட்டி, இரண்டு எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் கடைசியில் தேவைப்படும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே பொத்தானுக்குப் போகிறவர்கள், வந்த கோப்பு முழுதா அரையா என்பதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து எக்ஸ்போர்ட் பக்கம். பதிப்பைப் பொறுத்து ‘டூல்ஸ்’ பகுதியிலோ ‘கேட்டலாகிங்’ பகுதியிலோ இருக்கும். எங்கேயும் தென்படவில்லை என்றால் உங்கள் கணக்குக்கு அந்த அனுமதி இல்லை என்று பொருள். நிர்வாகியிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பக்கம் திறந்ததும் நூல் பதிவுகளா, அதிகாரப் பதிவுகளா என்று இரண்டு தாவல்கள் இருக்கும். ஆசிரியர் பெயர், பொருள் தலைப்பு ஆகியவற்றின் சீர்மைப்படுத்திய வடிவங்களைக் கொண்டவை அதிகாரப் பதிவுகள். மென்பொருள் மாற்றம் என்றால் இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு வடிகட்டிகள். எதையும் நிரப்பாமல் விட்டால் எல்லாம் வரும். பதிவெண் (மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் தரும் எண்) வரம்பு, பொருள் வகை (புத்தகமா, இதழா என்பது), கிளை, அழைப்பெண் வரம்பு, சேர்க்கைத் தேதி ஆகியவற்றைக் கொண்டு குறைக்கலாம். இங்கே நாலைந்து குழிகள் இருக்கின்றன.

சேர்க்கைத் தேதி என்பது பிரதி நூலகத்துக்கு வந்த தேதி, பட்டியலாளர் பதிவை உருவாக்கிய தேதி இல்லை. போன வருடம் வந்த புத்தகத்தை இந்த வாரம் பட்டியலிட்டிருந்தால் ‘இந்த வாரம்’ என்ற வடிகட்டியில் அது சிக்காது. அதே போல், கிளை, அழைப்பெண், சேர்க்கைத் தேதி மூன்றும் பிரதியைப் பார்த்து வடிகட்டுபவை. பிரதியே இல்லாத பதிவுகள், உதாரணமாக மின்னூல் இணைப்பு மட்டும் உள்ளவை, சத்தமில்லாமல் நழுவிவிடும்.

அழைப்பெண் வரம்பு எழுத்தாகத்தான் ஒப்பிடப்படும், எண்ணாக இல்லை. எழுத்து வரிசையில் 100 என்பது 20-க்கு முன்னால் வரும். எல்லா அழைப்பெண்ணும் ஒரே நீளத்தில் தொடங்கினால் சிக்கல் இல்லை, இல்லாவிட்டால் இந்தப் பெட்டியை நம்ப வேண்டாம்.

கிளை ஒன்றைத் தேர்ந்தால் அந்தக் கிளையில் ஒரு பிரதியாவது உள்ள பதிவுகள் வரும். ஆனால் அதே பதிவில் மற்றக் கிளைகளின் பிரதிகளும் ஒட்டிக்கொண்டு வரும். உங்கள் கிளையினுடையது மட்டும் போதும் என்றால் உள்ளூர் அல்லாத பிரதிகளை நீக்கும் பெட்டியில் குறியிட வேண்டும்.

இந்த வடிகட்டிகள் எதற்கும் அடங்காத தேர்வு வேண்டுமென்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது. தேவையான பதிவுகளின் பதிவெண்களை ஒரு ரிப்போர்ட்டில் எடுங்கள், வரிக்கு ஓர் எண் என்று வெறும் உரைக் கோப்பாகச் சேமியுங்கள், மேலே தலைப்பு வரி இருந்தால் நீக்குங்கள், அந்தக் கோப்பை எக்ஸ்போர்ட் பக்கத்தில் ஏற்றுங்கள். பழகிவிட்டால் வடிகட்டிப் பெட்டிகளைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

கடைசியாக, வெளியே போகக்கூடாத புலங்கள். கூட்டுப் பட்டியலுக்கு அனுப்புகிற கோப்பில் நீங்கள் கொடுத்த விலையும், ‘அட்டை கிழிந்தது, இன்னார் தொலைத்தார்’ வகை உள்குறிப்புகளும் எதற்கு? புலங்களைத் தவிர்க்கும் பெட்டியில் புல எண்ணையும் துணைப்புல எழுத்தையும் சேர்த்து எழுதலாம், ஒன்றுக்கு மேல் என்றால் இடைவெளி விட்டு. பிரதித் தகவலே வேண்டாம் என்றால் அதற்குத் தனிப் பெட்டி உண்டு.

ஆனால் ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீக்காதீர்கள்: பதிவெண். கோஹா அதை 999 புலத்தின் சி-யில் வைக்கிறது. கோப்பைத் திருத்தி மறுபடி உள்ளே ஏற்றும்போது எந்தப் பதிவின் மேல் எதை எழுதுவது என்று மென்பொருளுக்குத் தெரிவது அந்த எண்ணால்தான். அது இல்லாமல் 11,000 பதிவுகளை ஏற்றினால், பட்டியல் 22,000 ஆகிவிடும்.

மார்க் கோப்புக்குள் எட்டிப் பார்ப்போம்

மார்க் 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம் என்பவர் தலைமையில் உருவானது. காந்த நாடாக்களின் காலம். அந்த வாசனை இன்னும் போகவில்லை. ஒரு பதிவின் முதல் 24 எழுத்துகள் தலைப்பகுதி, அதில் முதல் ஐந்து இலக்கமும் பதிவின் நீளம். அப்புறம் ஒரு அட்டவணை, புலத்துக்கு 12 இலக்கம் வீதம். இப்படி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

245002300115

இதை மூன்றாகப் பிரித்துப் படிக்க வேண்டும். 245, தலைப்புப் புலம். 0023, அதன் நீளம் 23 பைட். 00115, அது தொடங்கும் இடம். தலைப்பு ‘நூலகம்’ என்ற ஒற்றைச் சொல். கண்ணுக்கு நான்கு எழுத்து, யுனிகோடில் ஆறு குறி, யுனிகோடைச் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. முன்னால் சுட்டிகள் எனப்படும் குறிப்பு எழுத்துகள் 2, துணைப்புலப் பிரிப்பானும் அதன் எழுத்தும் 2, முடிவுக்குறி 1. கூட்டினால் 23.

இப்போது யாரோ இந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து ‘நூலகம்’ என்பதை ‘நூலகங்கள்’ என்று திருத்திச் சேமிக்கிறார். தலைப்பு 9 பைட் நீண்டுவிட்டது. அட்டவணையோ இன்னும் 23 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் எல்லாப் புலமும் 9 பைட் தள்ளிப் போயிருக்கும், படிக்கும் மென்பொருள் வெளியீட்டு விவரத்தின் நடுவிலிருந்து பக்க எண்ணிக்கையைத் தொடங்கும். ஆகவே மார்க் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. திருத்த வேண்டுமென்றால் மார்க்எடிட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது பதிவைப் பிரித்து வரி வரியாகக் காட்டும், திருத்தியபின் நீளங்களைத் தானே கணக்கிட்டு மறுபடி கட்டித் தரும்.

நீளத்துக்கு ஐந்து இலக்கம்தான் என்பதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. ஒரு பதிவு 99,999 பைட்டைத் தாண்ட முடியாது. புத்தகங்களுக்கு இந்த எல்லை எட்டாத தூரம். ஆனால் ஐம்பது வருட வார இதழ் ஒன்றின் ஒவ்வோர் இதழையும் ஒரே பதிவில் பிரதியாகச் சேர்த்திருந்தால்? பிரதிக்கு 200 பைட் என்று போட்டாலும், 500 பிரதியைத் தொடும் முன்பே எல்லை உடைந்துவிடும். ஐம்பது வருடத்தில் வார இதழ் 2,600. அப்படிப்பட்ட பதிவுகள் இருந்தால் மார்க் எக்ஸ்.எம்.எல். வடிவத்தில் எடுங்கள். கோப்பு பருமனாக இருக்கும், ஆனால் அதற்கு இந்த நீள எல்லை கிடையாது.

தமிழ் எழுத்துகளுக்கு வரும் தொல்லை

தலைப்பகுதியில் நீளத்தைச் சொல்லும் இலக்கங்களுக்கு அப்பால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 9-ஆவது இடத்தில் ஏ என்று இருந்தால் யுனிகோடு. வெற்றிடமாக இருந்தால் மார்க்-8 என்ற பழைய குறியாக்கம், அதில் தமிழுக்கு இடமே இல்லை. உள்ளே தமிழ் இருந்து அந்த இடம் வெற்றிடமாக இருந்தால், வாங்குகிற மென்பொருள் தமிழை வேறு எழுத்துகளாகப் படித்துக் குழப்பும்.

அதைவிடப் பழைய வியாதி ஒன்று உண்டு. யுனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளிட்ட தரவு, திரையில் அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், வெளியே வந்ததும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எக்ஸ்போர்ட்டில் பிழை இல்லை, உள்ளே இருந்ததே அதுதான். அதை முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும், அது தனி வேலை.

தலைப்பை ரோமன் எழுத்தில் 245-லும் தமிழில் 880 புலத்திலும் வைக்கும் நூலகங்கள் உண்டு. அங்கே சி.எஸ்.வி.க்கு 245 மட்டும் கேட்டால் தமிழ்த் தலைப்பு ஒன்றுகூட வராது. எடுப்பதற்கு முன் நாலைந்து பதிவுகளைத் திறந்து தமிழ் எந்தப் புலத்தில் குடியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

சி.எஸ்.வி.யும் எக்ஸெல்லும்

கோஹாவில் சி.எஸ்.வி. எடுக்க முதலில் ‘சி.எஸ்.வி. ப்ரொஃபைல்’ ஒன்று உருவாக்க வேண்டும். எந்தப் புலம் எந்தப் பத்தி, அதன் தலைப்பு என்ன என்று அதில் எழுதி வைப்போம். பிரிப்பானாகக் காற்புள்ளிக்குப் பதில் டேப் வைப்பது என் பழக்கம். தலைப்புகளில் காற்புள்ளி ஏராளம், டேப் அநேகமாக இருக்காது.

அப்புறம்தான் எக்ஸெல். ஒரு நூலகத்துக்காக நான் எடுத்த கோப்பு ஒன்றை இருமுறை சொடுக்கித் திறந்து, தலைப்புகளில் நாலு எழுத்துப்பிழை திருத்தி, சேமித்து மூடினேன். பார்கோடுகள் 000451 போல ஆறு இலக்கத்தில் இருந்தன. எக்ஸெல் அவற்றை எண் என்று நினைத்து 451 ஆக்கிவிட்டிருந்தது. 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எல்லாம் 9.78 என்று தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில இ-யோடு அடுக்குக்குறி எண்ணாக மாறி, அப்படியே சேமிப்பும் ஆகிவிட்டது. நாலு பிழையைத் திருத்தி நாலாயிரம் பிழையைச் செய்த கதை. மூலக் கோப்பின் மேலேயே சேமித்ததால் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

இருமுறை சொடுக்காதீர்கள். காலியான தாளைத் திறந்து, ‘டேட்டா’ பகுதியில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். கோப்பின் குறியாக்கத்துக்கு 65001, அதாவது யு.டி.எஃப்.-8, தேர்ந்தால் தமிழ் தமிழாகவே வரும். பார்கோடு, ஐ.எஸ்.பி.என்., அழைப்பெண் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். அழைப்பெண்ணை ஏன் என்றால் 823.10 என்பது 823.1 ஆகிவிடும், 3-12 என்பது தேதியாகிவிடும். லிப்ரே ஆஃபிஸ் கால்க் திறக்கும்போதே இதையெல்லாம் கேட்டுவிடுகிறது. இந்த வேலைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

பெரிய தொகுப்பு என்றால்

லட்சக்கணக்கில் பதிவுகள் இருந்தால் உலாவி பாதியில் நின்றுவிடலாம். மோசம் என்னவென்றால், சில சமயம் பாதிக் கோப்பு முழுக் கோப்பு மாதிரியே இறங்கி நிற்கும். பதிவெண் வரம்பைக் கொண்டு 1 முதல் 10,000, 10,001 முதல் 20,000 என்று துண்டு துண்டாக எடுங்கள். மார்க் கோப்புகளைச் சேர்ப்பது சுலபம், ஒன்றின் வாலில் இன்னொன்றை ஒட்டினால் போதும், ஏனென்றால் ஒவ்வொரு பதிவும் தன் முடிவுக்குறியோடு தனித்து நிற்பது. எக்ஸ்.எம்.எல். கோப்புகளை அப்படி ஒட்ட முடியாது, ஒவ்வொன்றுக்கும் வெளி உறை இருக்கிறது.

சர்வருக்குள் போக முடிந்தவர்களுக்குக் கட்டளைவரி ஸ்கிரிப்ட் உண்டு, உலாவித் தொல்லை இல்லை. வாரா வாரம் அனுப்ப வேண்டிய வேலை என்றால் கையால் எடுப்பதையே விட்டுவிட்டு ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். என்ற அறுவடை நெறிமுறையை இயக்கி வைக்கலாம், வாங்குகிறவர்களே மாறியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

வந்தது சரியா?

அந்தத் தாளை எடுங்கள். கோப்பை மார்க்எடிட்டில் திறந்தால் பதிவு எண்ணிக்கையையும், எந்தப் புலம் எத்தனை முறை வருகிறது என்பதையும் அது சொல்லும். பதிவு எண்ணிக்கை பிப்லியோ எண்ணோடும், 952-ன் எண்ணிக்கை ஐட்டம்ஸ் எண்ணோடும் பொருந்த வேண்டும். வடிகட்டி போட்டிருந்தால் அதே வடிகட்டியோடு ரிப்போர்ட் ஓட்டி ஒப்பிடுங்கள். 245 எண்ணிக்கை பதிவு எண்ணிக்கையைவிடக் குறைந்தால் தலைப்பே இல்லாத பதிவுகள் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. அப்படிச் சில எல்லா நூலகத்திலும் அகப்படும்.

எண்ணிக்கை பொருந்தினால் பத்துப் பதிவுகளைக் கண்ணால் பாருங்கள், முதல் பத்தை வேண்டாம். நடுவிலிருந்து இரண்டு, கடைசிப் பதிவு, தமிழ்த் தலைப்பு உள்ளது, பிரதி அதிகம் உள்ளது, பல பாகங்கள் கொண்டது. திரையில் ஒரு பக்கம் கோப்பு, இன்னொரு பக்கம் கோஹா. நீக்கச் சொன்ன புலம் போயிருக்கிறதா என்பதையும் இங்கேதான் பார்க்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்துத் தனியே வையுங்கள். பெயரிலேயே தேதியும் பதிவு எண்ணிக்கையும் இருக்கட்டும். கூடவே ஒரு சின்ன உரைக் கோப்பு: என்றைக்கு எடுத்தது, எந்த வடிகட்டி, எந்தக் குறியாக்கம், எந்தப் புலங்கள் நீக்கப்பட்டன, பதிவெண் எந்தப் புலத்தில். ஐந்து வரி போதும், பெறுகிறவர் தொலைபேசியில் கேட்கப் போகிற ஐந்து கேள்விகளும் அவைதான்.